ஹெடி லமார்: அழகுக்குக் கிடைத்த கைதட்டல் அறிவுக்குக் கிடைக்கவில்லை

காலை நேரத்தில் பங்சார் எல்.ஆர்.டி. நிலையத்தில் வந்து நிற்கும் ரயிலில், கம்பியில்லா இயர்போன் அணிந்த பலரைக் காணலாம். அத்தனை பேரும் ஒரே பெட்டியில் நெருங்கி நின்றாலும், ஒருவர் கேட்கும் பாடல் மற்றவருடையதைக் கெடுப்பதில்லை. அதற்குக் கைகொடுக்கும் 'அலைவரிசை தாவல்' உத்திக்கு 1942இலேயே காப்புரிமை பெற்றவர், ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்.

1914 நவம்பர் 9ஆம் தேதி வியன்னாவில் பிறந்தவர் அவர். இயந்திரங்கள் இயங்கும் விதத்தைத் தந்தையிடம் கேட்டு வளர்ந்தார். 1933இல் ஆயுத உற்பத்தியாளர் ஒருவரை மணந்தார். வீட்டு விருந்துகளில் ஆயுதங்களைப் பற்றிய பேச்சு அவர் காதிலும் விழுந்தது. கணவரின் கட்டுப்பாடு தாங்காமல் 1937இல் வெளியேறி, அமெரிக்கா சென்று புகழ்பெற்ற நட்சத்திரமானார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நீர்மூழ்கிக் குண்டை வானொலி அலையால் வழிநடத்தினால், எதிரி அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பித் தடுத்துவிடலாம். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே நேரத்தில், முன்பே முடிவு செய்த வரிசைப்படி அலைவரிசை மாறிக்கொண்டே இருந்தால்? எதிரி எதைத் தடுப்பான்?

தானியங்கிப் பியானோக்களுக்கு இசையமைத்த ஜார்ஜ் ஆந்தைலுடன் சேர்ந்து லமார் இதற்கு வடிவம் கொடுத்தார். துளையிட்ட காகிதச் சுருள். பியானோ கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள். 1942 ஆகஸ்ட் 11இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால், அமெரிக்கக் கடற்படை அதைக் கிடப்பில் போட்டது. போர்க்கடன் பத்திரங்களை விற்கவே அவருடைய நட்சத்திரப் புகழ் பயன்பட்டது. 1959இல் காப்புரிமை காலாவதியானது; அதனால் அவருக்கு வருமானம் எதுவும் கிடைக்கவில்லை.

வைஃபையைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது மிகை. அலைவரிசை மாற்றும் யோசனை அவருக்கு முன்பே சிலரிடம் இருந்தது. ஆனாலும் அந்த வழியில் அவர் முன்னோடி என்பதில் ஐயமில்லை. குறுக்கீட்டைக் குறைக்க 2ஜி கைத்தொலைபேசிகள் விநாடிக்கு 217 முறை வரை தாவ முடியும். இயர்போனின் புளூடூத், 79 அலைவரிசைகளுக்குள் விநாடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. நெரிசலான அலைவரிசைகளைத் தவிர்த்தும் விடுகிறது.

1997இல்தான் அவருடைய பங்களிப்புக்கு விருது வந்தது. அப்போது வயது 82. 2000 ஜனவரி 19இல் காலமானார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2014இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

வீட்டில் ஒரு பெண் பிள்ளை வானொலியைக் கழற்றிப் பார்த்தால், திட்டுவதற்கு முன் லமாரை நினைத்துக்கொள்ளலாம்.