காத்திருத்தலைக் கணக்கிட்ட எர்லாங்

தரங்கம்பாடியின் வாயிலாகத் தமிழ் மக்கட்குப் பழக்கமான டென்மார்க்கு நாட்டில், ஜட்லாந்துப் பகுதியைச் சார்ந்த லோன்போர்க் என்னுஞ் சிற்றூரில், 1878-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் பிறந்தவர் ஆக்னர் கிராருப் எர்லாங். தந்தையார் அவ்வூர்ப் பள்ளியாசிரியர், திருச்சபை எழுத்தருமாவார். மாலை வேளைகளில் தமையனார் நூலை நேரே வைத்துப் படிக்க, எதிரே அமர்ந்த இச்சிறுவர் அதனையே தலைகீழாகப் படிப்பாராம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு வயது நிரம்பாமையின், தனி இசைவு பெற்று 14-ஆம் வயதிலேயே அதனை எழுதிச் சிறப்புறத் தேறினார். 1901-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் எம். ஏ. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார்.

கணிதக் கழகக் கூட்டங்களில் ஜென்சன் என்பாரொடு நேர்ந்த நட்பே இவர் வாழ்வைத் திருப்பியது. ஜென்சன் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். கணிதத்தில் பெருவேட்கை உடையவர். அவர் தூண்டுதலால் 1908-இல் எர்லாங் அக்கம்பெனியிற் சேர்ந்தார்.

அக்காலத்து டெலிபோன் நிலையத்தில் பெண்டிர் பலகை முன் அமர்ந்து அழைப்புகளைக் கையாலேயே இணைத்து விடுவர். எத்தனை பெண்டிர் வேண்டும்? எத்தனை கம்பிகள் வேண்டும்? மிகுந்தால் கம்பெனிக்குப் பொருட்சேதம். குறைந்தால் அழைப்போர்க்குக் காலச்சேதம், பெண்டிர்க்கோ மூச்சுவிடவும் நேரமின்மை. இதற்கு விடை காண முற்பட்ட எர்லாங், அழைப்புகள் ஒன்றையொன்று சாராது தற்செயலாக வருவன என்பதையும், அத்தற்செயலுக்கும் ஒரு கணித விதி உண்டென்பதையும் 1909-இல் வெளியிட்டார். 1917-இல், இடமின்றித் திருப்பப்படுவோர் எத்துணையர், காத்திருப்போர் எவ்வளவு நேரம் காத்திருப்பர் என்பவற்றிற்குச் சூத்திரங்கள் தந்தார்.

அவர் கணக்கு வழியில் ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். வேலை செய்பவர் ஒருவரே. வேலையின் நீளம் பலவாறு வேறுபடுவது. அவர் நேரத்திற் பாதி வேலையிற் கழியின், வருபவர் சராசரி ஒரு வேலைக்காலம் காத்திருப்பர். 100-க்கு 80 பங்கு கழியின் 4 வேலைக்காலம். 90 ஆயின் 9. 95 ஆயின் 19. முழுநேர வேலையை நெருங்க நெருங்கக் காத்திருத்தலுக்கு எல்லையே இல்லாது போம். விடுதியில் ஒரே குழாயின் முன் காலையில் நிற்கும் நம் மாணவர்க்கு இதனை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை! பணிமகள் கைகட்டி அமர்ந்திருக்குஞ் சிறுபொழுதைக் கம்பெனியின் நட்டமென்று எண்ணும் முதலாளி, அடுத்து அழைப்பவரின் வழியை அடைப்பவராவார்.

மற்றொன்று. 10 கம்பிகளுக்கு, அப்பத்தும் ஓயாது பேசினாலன்றி முடியாத அளவு அழைப்பு வருவதாகக் கொள்வோம். கம்பிக்கு ஒரு கூட்டத்தாரெனப் பிரித்து ஒதுக்கினால் திருப்பப்படுவோர் 100-க்கு 50. பத்தையும் யாவர்க்கும் பொதுவாக்கினால் ஏறத்தாழ 21.

எர்லாங் ஏட்டளவில் நின்றவரல்லர். கம்பிகளிற் கசியும் மின்னோட்டத்தை அளக்க, ஏணி சுமந்த தொழிலாளியோடு நகரத் தெருக்களின் பாதாளக் குழிகளில் தாமே இறங்குவார். மணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வுச்சாலைக்கே தேடிவரும் வறியோர்க்குப் பிறரறியாது பொருளுதவுவார். எழுத்திலோ மிக்க சுருக்கம். நிறுவல்களையுஞ் சில விடத்து விட்டுவிடுவார். இது படிப்போர்க்கு இடர்ப்பாடே என்பது நம் கருத்து. எனினும் அவற்றை மூலத்திலேயே கற்க வேண்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுச்சாலையினர் ஒருவர் டேனிய மொழி பயின்றார் என்பர். பிரிட்டிஷ் தபால் இலாகா இவர் சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது.

ஏறக்குறைய இருபதாண்டுகள் ஓய்வின்றி உழைத்தவர், 1929 சனவரியில் வயிற்று நோய்க்கு அறுவை செய்துகொள்ள மருத்துவமனை சென்றார். பிப்பிரவரி 3-ஆம் நாள், 51-ஆம் வயதில் காலமானார்.

இன்று கணிப்பொறி வலையில் செய்திகள் சிறு பொதிகளாய்ப் பிரிந்து, சந்திதோறும் வரிசையில் நின்று செல்கின்றன. வரிசை நிரம்பின் சந்தி பொதியை எறிந்துவிடும். அதனையுணர்ந்து அனுப்பும் பொறி வேகத்தைத் தணித்துக்கொள்ளும். காக்கவைத்தல், திருப்பிவிடுதல் என எர்லாங் ஆராய்ந்த இரண்டுமே அங்கு நிகழ்வன. 1946-இல் டெலிபோன் போக்குவரத்தின் அலகுக்கு அவர் பெயர் இடப்பெற்றது: ஒரு கம்பி இடைவிடாது பேச்சிலிருப்பின் அஃது ஓர் எர்லாங். சுவீடனில் எரிக்சன் கம்பெனியார் டெலிபோன் நிலையங்களுக்கென ஆக்கிய கணிப்பொறி மொழிக்கும் அப்பெயரே. வாட்ஸப் செய்திகளைக் கொண்டு சேர்க்கும் பொறிகள் அம்மொழியில் எழுதப்பட்டவை.