எடுத்த கருமம் முடித்த நாவலர் பெருமான்

சைவமும் தமிழும் தழைக்க வேண்டும் என்று தம் வாழ்நாள் முழுவதையும் அர்ப்பணித்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவரது கல்வியையும் நாவன்மையையும் நாம் அடிக்கடி நினைவுகூருகின்றோம். அவற்றுக்கு வேராக இருந்த நம்பகத்தன்மையை, அதாவது ஏற்ற கருமத்தை இடையில் விடாது முடிக்கும் பண்பை, நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக அவதரித்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கில பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியில் பாதிரியாருக்குத் துணைநின்றார். அவரோ சிறந்த சிவபக்தர். நாள்தோறும் சிவபூசை புரிபவர். தமது சமயத்துக்கு உரியதல்லாத வேலை என்பதற்காக அதை அரைமனதோடு செய்தாரில்லை. ஒப்புக்கொண்ட பணி என்பதனால் பிழையற நிறைவேற்றிக் கொடுத்தார். அம்மொழிபெயர்ப்பு சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது மகாலிங்கையர் என்னும் பண்டிதர் அதன் தமிழ்நடையை மெச்சினார்.

1847ஆம் ஆண்டு இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடந்தது. ஒரு நாள் கேட்டு மகிழ்ந்து மறப்பதற்கல்ல, வாரந்தோறும் வந்து கேட்டு நடப்பதற்காக அதை நடத்தினார். அடுத்த ஆண்டு, 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சம்பளம் தந்த ஆசிரியத் தொழிலையும் துறந்தார். இல்லறத்தையும் நாடவில்லை.

பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும். அதற்கு அச்சியந்திரம் வேண்டும். 1849இல் அதை வாங்கச் சென்னைக்குப் பயணமானார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் கிடைத்தது. பட்டம் பெற்றதோடு அவர் நிற்கவில்லை. சென்ற கருமத்தை முடித்து, அச்சியந்திரத்தோடு ஊர் திரும்பினார். பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் சைவ வினாவிடையும் பிள்ளைகளின் கைக்கு வந்தன. பழைய நூல்களைப் பதிப்பிக்கும்போது ஏட்டுப் பிரதிகளைப் பலகால் ஒப்புநோக்கிப் பிழைதிருத்தினார். நாவலர் பதிப்பு என்றால் அறிஞர்கள் ஐயமின்றிக் கையிலெடுத்தார்கள். ஒருவருடைய பெயரே அவரது வேலைக்கு உத்தரவாதமாக நிற்பது எளிதில் கிடைக்கும் பேறன்று.

1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையை நிறுவினார். கடல் கடந்து இரு கரையிலும் வேலை இருந்தபோதும் தொடங்கியவற்றைக் கைவிடவில்லை. 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் நோயும் வந்தபோது, கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தி ஏழைகளின் பசியைத் தணித்தார். பசித்தவனுக்கு இன்று கஞ்சி கிடைத்தால் போதாது, நாளையும் கிடைக்க வேண்டும். அந்த நம்பிக்கையே பெரிய தருமம் என்பதை அவர் செயலால் காட்டினார்.

உடல் தளர்ந்த காலத்திலும், 1879 ஆடிச் சுவாதியன்று சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையில் பிரசங்கம் செய்தார். அதுவே அவரது இறுதிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் திகதி சிவபதமடைந்தார். கார்த்திகை மகத்தில் அவரது குருபூசையை இன்றும் சைவ மக்கள் அனுட்டிக்கின்றனர்.

அன்பர்களே! எமது ஆலயத்தில் திருவிழா உபயம் ஏற்பவரும், மாலை கட்டித் தருவதாகச் சொல்பவரும், வீதி கூட்ட ஒப்புக்கொள்பவரும் தத்தம் சொல்லைக் காத்தால்தான் பூசை நேரத்துக்கு நடைபெறும். ஒருவர் வராதுவிட்டால், அவர் பாரம் மற்றொருவர் தோளில் ஏறும். வீட்டிலும் தொழிலிலும் இதுவே நியதி. முடியாததை முடியாது என்று சொல்லலாம், அதில் குற்றமில்லை. முடியும் என்று சொன்னபின் முடித்துக் காட்டுவோம். அதுவே நாவலர் பெருமானுக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும். அதற்கு எம்பெருமான் திருவருள் துணைபுரிவதாக.