ஓவிய ஆசான் போல் கிளே

முதலாம் மகாயுத்தத்திலே தோல்வியுற்று, மன்னனையும் இழந்து, பசியுங் கலகமும் மேலிட்டு நின்ற ஜேர்மனியிலே, 1919ஆம் ஆண்டு வைமார் நகரில் ஒரு கலாசாலை தோன்றிற்று. பௌஹவுஸ் என்பது அதன் பெயர். அதனை நிறுவியவர் வால்ற்றர் குரோப்பியஸ் என்னுங் கட்டடக் கலைஞர். ஓவியனுந் தச்சனும் நெய்வோனுங் குயவனும் ஓரிடத்திருந்து பயிலவேண்டும், கலை வேறு கைத்தொழில் வேறு என்னும் பேதம் ஒழியவேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே ஆசிரியராய் அமர்ந்தோருள் கண்டின்ஸ்கி, ஐற்றன், பைனிங்கர், ஷ்லெம்மர் முதலியோர் பெயர் பெற்றவர். மாணாக்கரால் பெரிதும் மதிக்கப்பட்டும், புறத்தாரால் பெரிதும் இகழப்பட்டும் அவர்களிடையே வாழ்ந்தவர் போல் கிளே.

கிளே 1879ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆந் திகதி சுவிற்சர்லாந்திலே, பேர்ண் நகரையடுத்த சிற்றூரொன்றிற் பிறந்தார். தந்தையார் ஜேர்மானியர், ஆசிரிய கலாசாலையிலே சங்கீத உபாத்தியாயர். தாயார் சுவிஸ் நாட்டவர், இசை பயின்றவர். சுவிற்சர்லாந்திற் பிறந்து அங்கேயே வளர்ந்தும், தந்தைவழி பற்றிக் கிளே சட்டப்படி ஜேர்மன் பிரசையே ஆயினார். இதனை வாசகர் மனத்திற் கொள்வாராக.

பெற்றோர் விருப்பம் மைந்தன் இசைவாணனாதல் வேண்டுமென்பது. இளமையிலேயே பேர்ண் நகர வாத்தியக் குழுவில் வயலின் வாசிக்குந் திறமும் அவரிடம் இருந்தது. ஆயினும் 1898இல் ஓவியங் கற்கவென்று மியூனிச் நகருக்குப் புறப்பட்டார். 1906இல் லிலி என்னும் பியானோ ஆசிரியையை மணந்தார். இல்லறத்தைத் தாங்கியது அவ்வம்மையாரின் சம்பாத்தியமே. கிளே அடுக்களையிற் சமைத்தார். மகன் பீலிக்ஸைச் சீராட்டி வளர்த்தார். அவன் வளர்ச்சியை நாள்தோறுங் குறித்தும் வைத்தார். எஞ்சிய பொழுதில் வரைந்தார். 1911 முதலாகத் தம் படைப்பு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு ஓர் அட்டவணை எழுதலானார். தாம் குழந்தையாயிருந்தபோது வரைந்த சித்திரங்கள் சிலவற்றையும் அதிலே சேர்த்துக்கொண்டார். அவரது பிற்கால ஓவியங்களைக் கண்டு, இது பிள்ளைக் கிறுக்கல் என்று நகைத்தோர் இதனை அறிந்திலர். இலக்கணம் அறியாது பிழைபட எழுதுவான் ஒருவன். அதனை முற்றக் கற்றபின் வேண்டுமென்றே எளிமை நாடுவான் மற்றொருவன். கிளே இரண்டாம் வகையினர் என்பதே எம் கருத்து.

1914 சித்திரையிலே மாக்கே, முவாலியே என்னும் இரு நண்பரோடு துனிசியாவுக்குச் சென்றார். தங்கியது இரு வாரங்களுக்குங் குறைவே. அதுவரை பெரும்பாலுங் கறுப்பு வெள்ளைக் கோடுகளிலே உழன்றவர், அங்குள்ள வெயிலையும் வெண்சுவர்களையுங் கண்டபின் நிறங்களைத் துணிந்து கையாளத் தொடங்கினார். சில மாதங்களில் யுத்தம் மூண்டது. மாக்கே அவ்வாண்டு புரட்டாதியிலே போர்க்களத்தில் மாண்டார். மற்றோர் உயிர்த்தோழராகிய பிரான்ஸ் மார்க் 1916 பங்குனியில் வெர்டன் களத்திலே வீழ்ந்தார். அதே மாதத்திற் கிளேக்கும் படையழைப்பு வந்தது. ஆகாயவிமானங்களுக்கு வர்ணம் பூசுவதும், பின்னர்க் கணக்கு எழுதுவதும் அவருக்கு இடப்பட்ட ஊழியம். கிழிந்த விமானச் சீலையை எடுத்து அதன்மேல் ஓவியந் தீட்டினார்.

குரோப்பியஸின் அழைப்பை ஏற்று, 1921 தைமாதத்திற் பௌஹவுஸில் ஆசிரியப்பணி தொடங்கினார். முன்பு முறையாகக் கற்பித்தறியாதவர். ஆதலால் ஒவ்வொரு பாடத்தையும் முன்னரே எழுதிக்கொண்டு வகுப்புக்குச் சென்றார். அக்குறிப்புக்கள் ஏறக்குறைய 3,900 பக்கம் இன்றும் உள்ளன. பாடஞ் சொல்வோர் இவ்வெண்ணைச் சற்றே நின்று நோக்கத்தகும். இன்னவாறு வரைக என்று அவர் கற்பித்தாரல்லர். புள்ளி அசைந்தாற் கோடாகும். கோடு அசைந்தாற் பரப்பாகும் என்பதிலிருந்து தொடங்குவார். வித்து முளைப்பதும், இலையில் நரம்பு ஓடுவதும், நீர் பள்ளம் நோக்கிப் பாய்வதும், தராசு சமனுறுவதும் எங்ஙனமென விளக்குவார். இசையின் தாளக்கட்டை நிறங்களின் அடுக்கிலே காட்டுவார். எழுதுவது வலக்கை, வரைவதோ இடக்கை. அவரிடங் கேட்ட பாடங்கள் நெசவுக்கூடத்துப் பெண்களுக்குப் பெரிதும் பயன்பட்டன. அன்னி அல்பேர்ஸ் பின்னாளிலே நெசவுக் கலையில் உலகப் புகழ் எய்தினார். பாடங்களின் ஒரு பகுதி 1925இல் நூலாக வெளிவந்தது.

இந்தியருங் கிளேயின் ஓவியங்களை அக்காலத்திலேயே கண்டனர். கலை வரலாற்றறிஞர் ஸ்ரெல்லா கிராம்றிஷ் அம்மையார் ஐற்றனுக்கு எழுதி வேண்ட, பௌஹவுஸ் ஓவியங்கள் கப்பலேறி வந்து, 1922 மார்கழியிற் கல்கத்தாவிலே காட்சிக்கு வைக்கப்பட்டன.

வைமாரில் ஆட்சி மாறவே, பொருளுதவி குறைக்கப்பட்டது. கலாசாலை 1925இல் டெசாவ் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே கிளேயுங் கண்டின்ஸ்கியும் ஒரே இரட்டை வீட்டின் இரு பாதிகளில் அயலவராய் வாழ்ந்தனர். கலாசாலையின் உட்பூசல்களாலும் வேலைப்பளுவாலுஞ் சலிப்புற்ற கிளே, 1931இல் டுசல்டோர்ப் கலைக்கழகத்துக்குச் சென்றார்.

1933இல் ஹிற்லர் ஆட்சி வந்தது. கிளேயின் வீடு சோதனையிடப்பட்டது; யூதர் என்று பழி தூற்றினர்; பதவியும் பறிபோயிற்று. அவர் யூதரல்லர். ஆயினும் அதனைப் பறைசாற்றித் தப்பிக்க முயல்வது தமக்கு இழுக்கென்று கருதினார். அவ்வாண்டு மார்கழியிற் பேர்ண் நகருக்கு மீண்டார். பௌஹவுஸும் அதே ஆண்டில் மூடப்பட்டது. 1937இலே மியூனிச் நகரில், இழிந்த கலை என்று பெயரிட்டு நாசிகள் நடத்திய கண்காட்சியிற் கிளேயின் படைப்புக்கள் 17 இடம்பெற்றன. ஜேர்மனியின் பொதுச் சாலைகளிலிருந்து 102 பறிமுதலாயின. கம்பியொன்றின்மேற் குருவிகள் இருந்து அலகு திறப்பதாகவும், கைப்பிடியைச் சுழற்றினால் அவை கூவுமெனத் தோன்றுமாறும் 1922இல் அவர் வரைந்த ஓவியமும் அவ்வாறே பேர்லினை நீங்கி, நியூயோர்க் நகரை அடைந்தது.

1935இலே தோல் இறுகும் கொடுநோய் அவரைப் பற்றிற்று. வயலினை விட்டார். 1936ஆம் ஆண்டு முழுதும் அவரால் வரைய இயன்றவை 25 மாத்திரமே. ஆனால் 1939இல், மரணத்தை எதிர்நோக்கியிருந்த அம்மனிதர் 1,253 படைப்புக்களை ஆக்கினார். கோடுகள் தடித்தன, உருவங்கள் எழுத்துக்கள்போற் சுருங்கின. அவ்வாண்டிலே, தாம் பிறந்த நாட்டின் பிரசாவுரிமை வேண்டி விண்ணப்பித்தார். அதிகாரிகளின் விசாரணை மெல்ல நகர்ந்தது. விண்ணப்பம் முடிவெய்துமுன், 1940 ஆனி 29ஆந் திகதி, லொக்கார்னோவை அடுத்த முறால்ற்றோவிலே காலமானார்.

2005இலே பேர்ண் நகரில் அவர் பெயரால் ஒரு கலைக்கூடந் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 4,000 படைப்புக்கள் அங்கே உள்ளன. பீலிக்ஸ் விளையாடுதற்காக மாட்டெலும்பு, கந்தற்றுணி, கொட்டையோடு முதலியன கொண்டு அவர் செய்துகொடுத்த கைப்பாவைகளுள் எஞ்சிய முப்பதும் அங்கேயே பேணப்படுகின்றன.