48 கிலோ மெஷின் ஒருவர் கைக்கு வந்த கதை: யார் இந்த ஆண்ட்ரியாஸ் ஸ்டில்?

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, ரோட்டில் கிடந்ததை அறுக்கக் கைகொடுத்தது செயின் சா. எம்.கே.பி. நகரில் விறகு அறுக்க ஒண்ணு வாங்கணும்னா, எதைப் பார்த்து வாங்கணும்? ஒரு இன்ஜினியரோட வாழ்க்கையிலேயே அதுக்குப் பதில் இருக்கு.

யார் இவர்?

1896-ல் சூரிச்சில் பிறந்தவர் ஆண்ட்ரியாஸ் ஸ்டில். 1926-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கம்பெனி தொடங்கினார். மரத்தை மில்லுக்குக் கொண்டுபோறதுக்குப் பதிலா, வாளை மரத்துக்கிட்ட கொண்டுபோகணும் என்பதுதான் அவர் யோசனை. முதல் மின்சார வாள் 48 கிலோ. பிடிக்க ரெண்டு பேர் தேவைப்பட்டது. ஹிட்லர் காலத்தில் நாஜி கட்சியில் இருந்ததால், போருக்குப் பின் காவலில் வைக்கப்பட்டார்.

என்ன மாறியது?

- 1950: ஒருவரே பிடிக்கும் பெட்ரோல் மெஷின்
- 1964: அதிர்வைக் குறைக்கும் கைப்பிடி
- 1972: செயின் பிரேக்

1973-ல் அவர் இறந்தார்.

வாங்கும்போது?

இதே மூணையும் பாருங்க. கையில் தூக்கி எடை பாருங்க. கைப்பிடியில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் இருக்கான்னு பாருங்க. முன்பக்க கார்டைத் தள்ளினதும் செயின் நிக்குதான்னு கடைக்காரரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. மெஷின் எகிறி முகத்துக்கு நேரா வந்தா, உயிரைக் காப்பாத்துறது அந்த பிரேக்தான். விலை குறைவுன்னு அது இல்லாததை வாங்காதீங்க.