ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்காத கணினி: யார் இந்த ஜிம் கிரே?

காலை 11 மணி. பொங்கல் லீவு முடிந்து சென்னை திரும்ப முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் தட்கல் ஓப்பன் ஆகிறது. விளாத்திகுளத்துக்காரர்கள் கோவில்பட்டி போய்த்தான் ரயில் ஏறணும். ஆனால் டிக்கெட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே போட்டுடலாம். அதே விநாடியில் தூத்துக்குடியில் ஒருத்தர், சாத்தூரில் ஒருத்தர், இன்னும் நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அதே பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு லோயர் பெர்த்.

அது ஒருத்தருக்குத்தான் போகும். ஆப் சுத்தும், தொங்கும், கோபம் வரும். அக்கவுண்ட்டில் பணம் எடுத்துட்டு டிக்கெட் வராமலும் போகும், பிறகு பணம் திரும்பி வரும். ஆனால் ஒரே பெர்த் இரண்டு பேர் பெயரில் பதிவாகாது.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். 1970-களில் இது கணினித் துறையின் கடினமான கணக்குகளில் ஒன்று. அதற்கு விடை எழுதியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஜிம் கிரே. வங்கி, ரயில்வே, ஆன்லைன் கடை என்று எந்தப் பெரிய நிறுவனத்தின் மென்பொருளுக்குள் போனாலும் அடித்தளத்தில் அவருடைய யோசனை ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். 2007-ல் அவர் கடலில் காணாமல் போனார்.

பெர்க்லியின் முதல் டாக்டர்

ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே பிறந்தது 1944 ஜனவரி 12, சான் ஃபிரான்சிஸ்கோவில். அப்பா ராணுவத்தில் இருந்தவர், அம்மா ஆசிரியை. சின்ன வயதில் சில ஆண்டுகள் குடும்பம் ரோம் நகரில் இருந்தது. பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவோடு மறுபடியும் சான் ஃபிரான்சிஸ்கோ.

விமானப்படை அகாடமியில் சேர ஆசைப்பட்டார், இடம் கிடைக்கவில்லை. 1961-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966-ல் கணிதமும் பொறியியலும் சேர்ந்த பட்டம், 1969-ல் முனைவர் பட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை கொடுத்த முதல் முனைவர் பட்டம் அவருடையதுதான். கணினி அறிவியல் என்பதே ஒரு தனிப் படிப்பா என்று பலரும் யோசித்த காலம் அது.

மண்டிக் கணக்கும் ஐ.பி.எம். கணக்கும்

1972-ல் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்துக்கு வந்தார். தகவல்களை அட்டவணைகளாக அடுக்கினால் எந்தக் கேள்விக்கும் பதில் எடுக்கலாம் என்று அங்கே எட்கர் காட் 1970-லேயே எழுதிவிட்டார். பேப்பரில் அழகாக இருக்கு, நிஜத்தில் ஓடுமா? ஓட்டிக் காட்ட ஒரு குழு உட்கார்ந்தது. திட்டத்தின் பெயர் சிஸ்டம் ஆர். இன்று ஐ.டி.யில் வேலை பார்க்கும் எல்லோரும் எழுதும் எஸ்.க்யூ.எல். மொழி அங்கே பிறந்ததுதான். கிரே கையில் எடுத்தது யாரும் அவ்வளவாக ஆசைப்படாத பகுதி. ஒரே நேரத்தில் நூறு பேர் எழுதினால் என்ன ஆகும்? பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

முதல் கேள்வியை நம்ம ஊர் மிளகாய் மண்டியில் வைத்துப் பார்க்கலாம். கடையில் ஒரே ஒரு பேரேடு. ஒரு கணக்குப்பிள்ளை அதை எடுத்து எழுத ஆரம்பித்தால் மற்றவர்கள் சும்மா நிற்கணும். தவறு வராது, ஆனால் வேலையும் நகராது. சரி, ஆளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தால்? வேலை ஓடும். ஆனால் முதலாளி வந்து மொத்தப் பேரேட்டையும் சரிபார்க்கணும்னு சொன்னால், யார் எந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தேடணும்.

கிரேவும் சக ஆய்வாளர்களும் 1970-களின் நடுவில் சொன்ன வழி ரொம்ப எளிமையானது. உள்ளே ஒரு பக்கத்தில் எழுதப் போகிறவர், முதலில் அட்டையில் ஒரு குறி போட்டுட்டுப் போகணும். அட்டையைப் பார்த்தாலே உள்ளே வேலை நடக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்றைய டேட்டாபேஸ்களில் வரிக்கு ஒரு பூட்டு, அட்டவணைக்கு ஒரு பூட்டு என்று இருப்பதெல்லாம் இந்தக் கணக்குதான்.

கரண்ட் போகும் கேள்விக்கும் மண்டியிலேயே விடை உண்டு. பழைய வியாபாரிகள் எதையும் நேராகப் பேரேட்டில் ஏற்ற மாட்டார்கள். முதலில் சிட்டையில் எழுதுவார்கள், பிறகுதான் பேரேடு. கணினியும் அதையே செய்யணும். எதை மாற்றப் போகிறோம் என்று தனிக் குறிப்பில் எழுதிவிட்டுத்தான் மாற்றணும். நடுவில் மெஷின் நின்றுபோனால், திரும்ப எழுந்ததும் அந்தக் குறிப்பைப் படித்து முடிந்ததை நிலைநிறுத்தும், பாதியில் நின்றதை அழித்துவிடும். முழுசா நடந்ததா, இல்லை நடக்கவே இல்லையா, இந்த இரண்டில் ஒன்றுதான். பாதி நடந்தது என்று ஒரு நிலையே கிடையாது.

இந்த மொத்த வேலைக்குத்தான் பரிவர்த்தனை, அதாவது டிரான்சாக்‌ஷன் என்று பெயர். கல்லூரியில் மனப்பாடம் செய்யும் ஆசிட் விதிகளுக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் ஹேர்டர், ராய்ட்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், 1983-ல். அதற்கு முன்பே அந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்து எழுதியவர் கிரே.

இரண்டு வங்கி, ஒரு தரகர்

சரி, ஒரே கணினிக்குள் இது ஓகே. உங்கள் பணம் ஒரு வங்கியில், மண்டிக்காரர் கணக்கு இன்னொரு வங்கியில் என்றால்?

கிரே 1978-ல் எழுதிய குறிப்புகளில் இதற்கான நடைமுறையை விரிவாக வைத்தார். நடுவில் ஒரு தரகர். முதல் சுற்றில் இரண்டு பக்கத்தையும் தயாரா என்று கேட்பார். இரண்டு பேரும் தயார் என்றால்தான் இரண்டாவது சுற்றில் முடி என்பார். ஒருத்தர் மறுத்தாலும் பேரம் கலைந்தது. ஒரு தடவை தயார் என்று சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது.

இதில் ஒரு ஓட்டை இருக்கு. இரண்டு பேரும் தயார் என்று சொன்ன பிறகு தரகர் காணாமல் போனால், இரு பக்கமும் அப்படியே நிற்கணும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. இதைச் சரிசெய்யத்தான் அடுத்து வந்தவர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க

1980-ல் ஐ.பி.எம்.மை விட்டு டேண்டம் நிறுவனத்துக்குப் போனார். வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் நிற்காத கணினி செய்து விற்ற கம்பெனி அது. முக்கியமான பாகம் எல்லாம் உள்ளே இரட்டை. ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்.

அங்கே 1985-ல் அவர் எழுதிய ஆய்வை ஐ.டி.யில் இருப்பவர்கள் இன்றைக்கும் தேடிப் படிக்கலாம். கணினிகள் ஏன் நிற்கின்றன என்று டேண்டம் வாடிக்கையாளர்களிடம் இருந்து வந்த புகார்களை எடுத்து எண்ணினார். வன்பொருள் கோளாறு 18 சதவீதம்தான். மென்பொருள் 25. பெரிய பங்கு, 42 சதவீதம், மெஷினைப் பராமரிக்கிற, இயக்குகிற மனிதர்களின் தவறு. நடுராத்திரி டெப்ளாய்மென்ட் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு அதிர்ச்சியாக இருக்காது.

மென்பொருள் பிழைகளில் பெரும்பாலானவை மறுபடி ஓட்டினால் வராது என்பதும் அதில் இருந்தது. ஹெல்ப்டெஸ்க்கில் முதல் பதிலாக ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வதை நாம் கிண்டல் செய்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியே இருக்கு.

நூறு கவுன்டர், ஒரு பெர்த்

1990-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட், பிறகு 1995-ல் மைக்ரோசாஃப்ட். தலைமையகம் சியாட்டல் பக்கம் இருந்தாலும் கிரே வேலை பார்த்தது சான் ஃபிரான்சிஸ்கோவில். இன்டர்நெட் வந்து, ஆயிரம் பேருக்காகச் செய்த சிஸ்டத்தைக் கோடி பேர் தட்ட ஆரம்பித்த காலம்.

பெரிய நிறுவனங்களின் மென்பொருளை அடுக்கு அடுக்காகக் கட்டுவது அப்போதுதான் பரவலானது. மேல் அடுக்கு நம் கையில் இருக்கும் திரை. நடு அடுக்கு விதிகளைப் பார்ப்பது. கோட்டா இருக்கா, கட்டணம் எவ்வளவு, வயது என்ன. அடி அடுக்கில் கணக்குப் புத்தகம், அதாவது டேட்டாபேஸ்.

கூட்டம் வந்தால் மேல், நடு அடுக்குகளில் அதே மாதிரி சர்வர்களை இன்னும் நூறு வைத்துக்கொள்ளலாம். கவுன்டர் அதிகமாகத் திறப்பது மாதிரி. அடி அடுக்கில் அந்த வேலை நடக்காது. நூறு கவுன்டர் திறந்தாலும் பெர்த் ஒன்றுதானே?

புத்தகத்தை நகல் எடுத்து எல்லோரும் அவரவர் நகலில் எழுதட்டும் என்று பலர் முயன்றார்கள். அது எவ்வளவு ஆபத்து என்று கிரேவும் மூன்று பேரும் 1996-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படி எழுதும் கணினிகளும் போக்குவரத்தும் பத்து மடங்கானால், மோதல்கள் ஆயிரம் மடங்காகும். டெமோவில் அழகாக ஓடும் சிஸ்டம் தட்கல் நேரத்தில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். சும்மா சர்வர் வாங்கிப் போட்டால் தீராது.

அப்போ என்ன வழி? நகல் எடுக்க வேண்டியதை நகல் எடு, பிரிக்க வேண்டியதைப் பிரி. 1999-ல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில் இதற்குத் தனித்தனிப் பெயர்களே கொடுத்தார்.

நம்ம ரயில்வே இதற்கு நல்ல உதாரணம். கிரே இந்திய ரயில்வேக்கு வேலை செய்தவர் இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். 1985-ல் டெல்லியில் சி.எம்.சி. நிறுவனத்தின் மென்பொருளோடு கணினி முன்பதிவு தொடங்கியது. அப்போது டெல்லியில் எடுத்தால் டெல்லி வண்டி, சென்னையில் எடுத்தால் சென்னை வண்டி. 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் ஒரே வலைப்பின்னலாக இணைந்தன. எந்த வண்டியின் கணக்கு எந்த மையத்தில் என்று பிரிச்சாச்சு. கவுன்டர் எங்கே இருந்தாலும் கேள்வி அந்தந்தப் புத்தகத்துக்குத்தான் போகும். 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. வந்தபோது அதே புத்தகத்துக்கு இன்னொரு வாசல் திறந்தது, அவ்வளவுதான்.

1998-ல் கிரேவுக்கு டூரிங் விருது கிடைத்தது, கணினித் துறையின் நோபல் என்பார்களே, அது. அதே ஆண்டு அவர் குழு டெர்ராசர்வர் என்ற தளத்தை வெளியிட்டது. பூமியை மேலிருந்து எடுத்த படங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, டேட்டாபேஸில் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். கூகுள் மேப்ஸ் வர இன்னும் ஏழு வருஷம் இருந்தது.

டெனேஷியஸ்

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. இறந்துபோன அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்க, டெனேஷியஸ் என்ற தன் 40 அடி பாய்மரப் படகில் கிரே தனியாகக் கிளம்பினார். போக நினைத்தது சுமார் 43 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஃபாரலோன் தீவுகள். அவர் அனுபவமுள்ள படகோட்டி. ஆபத்து என்று எந்தச் செய்தியும் வரவில்லை. படகும் திரும்பவில்லை.

கடலோரக் காவல் படை நான்கு நாட்கள் தேடிவிட்டு நிறுத்தியது. நண்பர்கள் நிறுத்தவில்லை. செயற்கைக்கோள் நிறுவனத்திடம் படங்கள் வாங்கினார்கள், நாசா விமானமும் பறந்தது. கடலின் படங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, அமேசான் தளத்தில் போட்டு, உலகம் முழுக்க 12,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களுக்குப் பங்கு பிரித்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம், வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கணும். பெரிய வேலையைத் துண்டாக்கிப் பிரித்துக் கொடுக்கும் இந்த முறையை அவர்களில் பலருக்குச் சொல்லித்தந்தவர் அந்தப் படகில் இருந்தவர்தான்.

ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு கடலடியிலும் தேடினார்கள். படகின் ஒரு பலகைகூட அகப்படவில்லை.

உடல் கிடைக்காத சாவு எப்படி என்று வேம்பாருக்கோ வைப்பாருக்கோ யாரும் விளக்க வேண்டியதில்லை. முத்துக்குளித்த காலத்தில் இருந்து இந்தக் கரைக்குத் தெரியும். இறந்தார் என்று சான்றிதழ் வராது, வங்கிக் கணக்கு மாறாது, இன்ஷூரன்ஸ் நகராது, காரியமும் செய்ய மனசு வராது. ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்கிறது இந்தியச் சட்டம். கலிஃபோர்னியாவில் அது ஐந்து ஆண்டு.

2008 மே மாதம் பெர்க்லியில் நண்பர்களும் மாணவர்களும் கூடி ஒரு நாள் முழுக்க அவருடைய வேலையைப் பற்றிப் பேசினார்கள். அஞ்சலிக் கூட்டம் என்று சொல்ல அப்போதும் பலருக்கு வாய் வரவில்லை. 2012-ல் நீதிமன்றம் ஜிம் கிரே இறந்துவிட்டதாக அறிவித்தது.