55 வருஷம்... ஒருமுறைகூட சொந்த ஊருக்குத் திரும்பாத ‘அம்மை’! - டோனாவூர் ஏமி கார்மைக்கேலின் கதை

வள்ளியூரிலிருந்து ஏர்வாடி வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் போனால், வயலும் வாழையும் பனையுமாக விரியும் பாதையில் டோனாவூர் வரும். பெயரைக் கேட்டதும் இது என்ன தமிழ்ப் பெயரா, வெளிநாட்டுப் பெயரா எனச் சந்தேகம் வரும். ரெண்டும்தான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெல்லைச் சீமையில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி ரேனியஸுக்கு, டோனா என்கிற பிரஷ்ய நாட்டுப் பிரபு பண உதவி செய்தார். அந்தப் பணத்தில் உருவான கிராமத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். டோனாவின் ஊர், டோனாவூர்.

அந்தப் பிரபு இந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால், 1901-ல் இங்கே தற்காலிகமாகத் தங்க வந்த அயர்லாந்துப் பெண் ஒருவர், 50 வருஷம் இங்கேயே வாழ்ந்து, இந்த மண்ணிலேயே அடக்கமானார். அவர்தான் ஏமி கார்மைக்கேல். ஊர்க்காரர்களுக்கு ‘அம்மை’.

இன்றைக்கு வெளிநாட்டுக்குப் போகிற நம்ம பிள்ளைகளுக்கு வீடியோ கால் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லீவு இருக்கிறது. இது எதுவுமே இல்லாத காலத்தில், முன்பின் தெரியாத ஊரைத் தன் ஊராக மாற்றிக்கொள்ள ஒரு மனுஷி என்ன விலை கொடுத்தார்?

மாவு மில் வீட்டின் மூத்த பெண்

வட அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோர கிராமத்தில், 1867 டிசம்பர் 16 அன்று பிறந்தவர் ஏமி. ஏழு பிள்ளைகளில் மூத்தவர். மாவு மில் நடத்திய குடும்பம். வசதிக்குக் குறைவில்லை. ஆனால், தொழில் நொடித்தது. 1885-ல் அப்பாவும் இறந்துபோனார். குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்கு வந்திருந்தது.

அங்கே நூற்பாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள், தொப்பி வாங்கக் காசில்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடப்பார்கள். கௌரவமானவர்கள் அவர்களைத் தேவாலயத்தில் பக்கத்தில் உட்காரவைக்கவே யோசித்தார்கள். ஏமி அந்தப் பெண்களைத் தேடிப் போனார். கூட்டம் பெருகியதும், 1889-ல் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கூடமே அவர்களுக்காக எழுந்தது. அப்போது அவருக்கு 21 வயதுதான்.

1892-ல் வெளிநாட்டுப் பணிக்குப் போவதென முடிவெடுத்தார். சீனாவுக்குப் போக விண்ணப்பித்து, பெட்டி எல்லாம் கட்டிய பிறகு, உடம்பு தாங்காது என மருத்துவர் தடுத்துவிட்டார். நரம்பு வலி அவரை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். ‘இந்த உடம்பை வைத்துக்கொண்டு அயல்நாட்டில் குப்பை கொட்ட முடியாது’ என்பதுதான் எல்லாருடைய கணக்கும்.

ஒரு ஜோடி கையுறை கற்றுக்கொடுத்த பாடம்

ஆனாலும் 1893-ல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு குளிர்நாளில், உடல்நலமில்லாத மூதாட்டி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். பாட்டியும் ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஏமியின் ரோமக் கையுறை கண்ணில் பட்டது. அவ்வளவுதான், பாட்டியின் கவனம் மொத்தமும் கையுறைக்குப் போய்விட்டது. பேச வந்த விஷயம் அப்படியே நின்றுபோனது.

வீட்டுக்கு வந்த ஏமி, ஐரோப்பிய உடையைக் கழற்றி வைத்துவிட்டு கிமோனோ உடுத்தத் தொடங்கினார். போகிற இடத்தில் நம் உடையே நமக்கும் அவர்களுக்கும் நடுவே சுவராக நிற்கக்கூடும் என்பது அவருக்குப் புரிந்தது அப்போதுதான். பின்னாளில் நெல்லையில் அவர் சேலைக்கு மாறியதன் தொடக்கம் இந்தக் கையுறைதான்.

சுமார் 15 மாதங்களில் ஜப்பானிலும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இலங்கை வழியாக ஊர் திரும்பினார். கொஞ்சம் தேறியதும், இந்தியாவின் பருவநிலை ஒத்துக்கொள்ளும் என நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, 1895 அக்டோபரில் மறுபடியும் கப்பல். பெங்களூர் வந்த புதிதிலேயே டெங்கு காய்ச்சல் வரவேற்றது!

தமிழோடு ஒரு மல்லுக்கட்டு

காய்ச்சலைவிட அவரை வாட்டியது பெங்களூரின் ஆங்கிலேயச் சூழல்தான். தேநீர் விருந்துகள், வேலைக்காரர்கள் என வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் இருந்தும் இந்தியாவில் இல்லாத வாழ்க்கை அது.

அந்த நேரத்தில்தான் நெல்லையில் பணியாற்றிய தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியைச் சந்தித்தார். தமிழில் கரைகண்டவர். அவரிடம் தமிழ் படிக்க 1896-ல் நெல்லைச் சீமைக்கு வந்தார் ஏமி. தமிழ் லேசில் வசப்படவில்லை. ழகரம் ஒருபக்கம், எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்குமான இடைவெளி இன்னொரு பக்கம். புத்தகத் தமிழில் பேசினால் கிராமத்துப் பெண்களுக்குப் புரியாது. அவர்கள் பேசுவது இவருக்குப் புரியாது.

இதற்கு ஏமி கண்டுபிடித்த வழி, மக்களோடு மக்களாகப் போய்விடுவது. பண்ணைவிளையைத் தலைமையிடமாகக் கொண்டு, உள்ளூர்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்தக் குழுவில் பொன்னம்மாள் முக்கியமானவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர். அவர்தான் ஏமிக்குத் தோழி, வழிகாட்டி எல்லாமே. அந்தப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பணிக்கு வந்தது அக்கம்பக்கத்தில் பெரிய பேச்சாக இருந்தது. காதும் கழுத்தும் மூளியாகப் பெண்கள் ஊர் சுற்றுவதா என்ற முணுமுணுப்பை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

ஏழு வயதுச் சிறுமி திருப்பிப்போட்ட வாழ்க்கை

1901 மார்ச் மாதம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பண்ணைவிளையில் ஏமியிடம் அழைத்து வரப்பட்டாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காக ஒப்படைக்கப்பட்ட குழந்தை. முன்பு ஒருமுறை தப்பித்து, தூத்துக்குடியிலிருந்த அம்மாவிடமே நடந்து போயிருக்கிறாள். பயந்துபோன அம்மா திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட, தண்டனையாகக் கைகளில் சூடு போட்டிருக்கிறார்கள். மறுபடியும் தப்பித்து வந்தவள், ஏமியின் மடியில் உட்கார்ந்து, பொம்மையை வைத்துத் தனக்கு நடந்ததை எல்லாம் விளக்கினாள்.

தேவதாசி முறைக்கு இசை, நடனம் என நீண்ட மரபு உண்டு. ஆனால் அந்தக் காலகட்டத்தில் வறுமையாலும் நேர்த்திக்கடனாலும் கொடுக்கப்பட்ட பல சிறுமிகளுக்கு அது பாலியல் சுரண்டலாக முடிந்தது. ஏமி விசாரிக்கத் தொடங்கினார். வெள்ளைத்தோலோடு போனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் சேலை கட்டி, காபித் தண்ணீரைப் பூசித் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு போவார் என்று சொல்வார்கள். சிறுவயதில் தன் கண் நீலமாக மாற வேண்டுமென வேண்டியவருக்கு, அந்தப் பழுப்புக் கண்தான் இங்கே கைகொடுத்தது.

அதே 1901-ல் வாக்கர் குடும்பத்தோடு டோனாவூர் வந்தவர், அங்கேயே நிலைத்துவிட்டார். ஒரு குழந்தை பலவானது. 1913-ல் சுமார் 130 பேர். ஊர் ஊராகப் போவதை விட்டுவிட்டுத் தொட்டில் ஆட்டுவதும் பால் புகட்டுவதுமா இறைப்பணி என்ற கேள்வி வந்தது. கூட இருந்த பெண்களில் சிலருக்கே குழந்தைகளின் துணி துவைப்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பொன்னம்மாள்தான் முதலில் இறங்கி அந்த வேலைகளைச் செய்து மற்றவர்களுக்கு வழிகாட்டினார்.

பல குழந்தைகளுக்குப் பிறந்தநாள் எதுவென்றே தெரியாது. அதனால், அவர்கள் டோனாவூருக்கு வந்துசேர்ந்த நாளே கொண்டாட்ட நாளானது.

எதிர்ப்பு நாலாபக்கமும்

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஏமியின் புத்தகக் கையெழுத்துப் பிரதி, சோர்வூட்டுவதாக இருக்கிறதென்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. மிஷனரிப் பணியின் வெற்றிக் கதைகளைத்தான் இங்கிலாந்து எதிர்பார்த்தது. இவரோ தோல்விகளையும் எழுதினார். 1903-ல் அது வெளிவந்தபோது சக மிஷனரிகளிலேயே பலருக்குப் பிடிக்கவில்லை.

இங்கேயும் கோபம் இருந்தது. பிள்ளைகளை மதம் மாற்றக் கொண்டுபோகிறார்கள் என்ற குற்றச்சாட்டை உறவினர்கள் எழுப்பினார்கள். வழக்குகள் வந்தன. 1911-ல், ஒரு சிறுமியைக் குடும்பத்திடம் திருப்பி ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் சிறுமி மாயமானாள். ஏமியின் நண்பர்கள் சிலர் அவளை ரகசியமாக நாட்டைவிட்டே வெளியேற்றி, சீனா வரை கொண்டுபோயிருந்தார்கள். சட்டத்தை மீறியது சரியா? ஒரு குழந்தையின் வாழ்க்கைக்கு முன்னால் சட்டம் பெரிதா? இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம். இந்து சமயத்தைப் பற்றிய ஏமியின் எழுத்தில் அந்தக் கால மிஷனரிப் பார்வை இருப்பதையும் மறுக்க முடியாது. ஆனால் தேவதாசி முறையை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி போராடி, 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஒரு கிராமத்து வளாகத்துக்குள் அந்தக் குழந்தைகளுக்கு வீடு கிடைத்திருந்தது.

இழப்புகள்... பிறகும் வளர்ச்சி

1912-ல் வாக்கர் மறைந்தார். 1915-ல் பொன்னம்மாளைப் புற்றுநோய் கொண்டுபோனது. மொழி தந்தவரும் ஊரைத் தந்தவரும் அடுத்தடுத்துப் போனார்கள். அம்மாகூட ஒருமுறை டோனாவூர் வந்து பார்த்துவிட்டுப் போனாரே தவிர, ஏமி ஊருக்குப் போகவில்லை. 1913-ல் அம்மா இறந்தபோதும் அவர் இங்கேதான் இருந்தார்.

1918-லிருந்து ஆண் குழந்தைகளும் வந்தார்கள். 1919-ல் பிரிட்டிஷ் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, விழாவுக்கே போகவில்லை. 1927-ல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. பொதுமக்களிடம் நன்கொடை கேட்பதில்லை என்பது அதன் கொள்கை. இந்தப் பகுதியே கதை கதையாகப் பேசும் ஜம்புலிங்கத்தையும் ஏமி சந்தித்திருக்கிறார். 1923-ல் சுட்டுக்கொல்லப்பட்ட அவரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

ஒரு அறைக்குள் 20 வருஷம்

1931 செப்டம்பர் 24. களக்காட்டில் மருந்தகம் தொடங்க ஒரு வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் போன ஏமி, மங்கிய வெளிச்சத்தில், வேலையாட்கள் தோண்டியிருந்த குழியில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சிகிச்சை கொடுத்தும் பழையபடி நடமாட முடியவில்லை. அப்போது அவருக்கு 63 வயது.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். அவர் தன் அறையிலேயே இருந்தார். பிள்ளைகள் அறைக்கு வந்தார்கள். படுத்தபடியே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். 1951 ஜனவரி 18 அன்று, 83 வயதில் இறந்தார். இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லி கிட்டத்தட்ட 60 வருஷம் கழித்து!

டோனாவூர் வளாகத்து மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் எனச் சொல்லியிருந்ததால் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை மட்டும் பிள்ளைகள் வைத்தார்கள். அதில் இருப்பது ஏமி என்ற பெயரும் இல்லை, கார்மைக்கேல் என்ற குடும்பப் பெயரும் இல்லை. அம்மை. அவ்வளவுதான்.

அவர் தொடங்கிய இல்லமும் மருத்துவமனையும் அவருக்குப் பிறகு உள்ளூர்க்காரர்கள் கைகளுக்கு வந்தன. வேலைக்காக, படிப்புக்காக, சேவைக்காக எங்கெங்கோ போய் வாழ்கிறவர்களுக்கு டோனாவூர் சொல்வது ஒன்றுதான். உடை மாறுவதும் மொழி பழகுவதும் முதல் படி மட்டும்தான். அந்த ஊரின் வலியில் பங்கெடுக்கும்போதுதான் அந்த ஊர் நம்மை உறவு சொல்லிக் கூப்பிடும்.