இரு களங்கண்ட வீரர்

ஒரு கலையில் தேர்ச்சி பெறுதலே அரிது. இரு கலைகளில் ஒருங்கே சிறத்தல் அதனினும் அரிது. அவ்வாறு சிறந்தவர்க்கு ஒரு சோதனையும் உண்டு. இரண்டனுள் ஒன்றைக் கைவிட வேண்டிய நாள் என்றேனும் வந்தே தீரும். அத்தகைய நாளில் எம். ஜே. கோபாலன் செய்த தெரிவும், அதன் பின்னர் அவர் நடந்துகொண்ட முறையும் மாணவராகிய நாம் சிந்திக்கத் தக்கன.

கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் செங்கற்பட்டைச் சார்ந்த மொறப்பாக்கத்தில் பிறந்தார். சென்னையில் திருவல்லிக்கேணிக் கிரிக்கெட் சங்கத்தின் ஆட்டக்காரராய் விளங்கினார். அவருடைய வேகப் பந்துவீச்சைக் கண்டு வியந்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். விளையாட்டு ஊதியம் தாராத காலம் அது. ஆதலின் ஜான்ஸ்டன் தாம் சார்ந்திருந்த பர்மா ஷெல் கம்பெனியில் அவருக்கு ஓர் அலுவலும் தேடித் தந்தார். வயிற்றுக்கு வழி பிறந்தது. திறமையும் தடையின்றி வளர்ந்தது.

1934ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் கோபாலன் இந்தியாவுக்காக ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நிகழ்ந்த ஆட்டத்துடன் ரஞ்சிக் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. அதன் முதற் பந்தை வீசிய பெருமை இவருடையதே. மைசூர் அணி 48 ஓட்டங்களுக்கும் 59 ஓட்டங்களுக்கும் வீழ, 130 ஓட்டங்கள் எடுத்திருந்த சென்னை ஒரே நாளில் வாகை சூடிற்று.

ஹாக்கியிலும் அவர் இளைத்தவரல்லர். 1935ஆம் ஆண்டு தியான் சந்தின் தலைமையில் நியூஸிலாந்து சென்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். உலகில் அவ்வணிக்கு நிகரில்லை என்பதை யாவரும் அறிந்திருந்தனர்.

அடுத்த ஆண்டில் சோதனை வந்தது. 1936ஆம் ஆண்டுக் கோடையில் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்திற்கும், கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கும் புறப்பட ஆயத்தமாயின. இரு வாயில்களும் கோபாலனுக்குத் திறந்திருந்தன. இரண்டினும் ஒருங்கே நுழைதல் இயலாது. அவர் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார்.

விளைவு யாது? ஆகஸ்டு 15ஆம் நாள் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8க்கு 1 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கோபாலனோ இங்கிலாந்தில் நிகழ்ந்த மூன்று டெஸ்ட் ஆட்டங்களுள் ஒன்றிலேனும் இடம் பெறவில்லை. முகம்மது நிஸார், அமர் சிங், ஜஹாங்கீர் கான் என்னும் பந்துவீச்சாளர் மூவர் அவருக்கு முன் நின்றனர். பின்னரும் அவருக்கு டெஸ்ட் வாய்ப்புக் கிட்டவில்லை. கல்கத்தாவில் ஆடிய ஒன்றே முதலும் முடிவும் ஆயிற்று.

அதே கப்பற் பயணத்தில் சென்னையைச் சார்ந்த இன்னொருவரும் இருந்தார். 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடிய சி. இராமசுவாமியே அவர். நாற்பது வயது நிரம்பிய பின் டெஸ்ட் கிரிக்கெட்டில் புகுந்து, இரு டெஸ்ட் ஆட்டங்களில் 40, 60, 29, ஆட்டமிழவாது 41 என ஓட்டங்கள் குவித்தார். களம் மாறிய ஒருவரை நல்லூழ் தழுவிற்று; மற்றவரைக் கைவிட்டது. தெரிவு நம்முடையது, பயன் நம்முடையதன்று என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எனினும் கோபாலனின் பெருமை இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. தாம் தெரிந்துகொண்ட ஆட்டத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. சென்னை அணிக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். அதன் தலைவராகவும் விளங்கினார். பின்னர் இந்திய அணியைத் தெரிந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார்.

சேது நாட்டினராகிய நமக்கு அவர் பெயர் பிறிதொரு வகையாலும் உரியது. 1952-53ஆம் ஆண்டில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே அவர் பெயரால் ஒரு கோப்பைப் போட்டி ஏற்பட்டது. அக்காலத்தில் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரை இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் சென்றன. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் அவ்வழியை அழித்தது. ஆயினும் கோபாலன் கோப்பை ஆட்டங்கள் அதன் பின்னும் சென்னையிலும் கொழும்பிலும் தொடர்ந்தன. டெஸ்ட் உரிமை இன்னும் பெற்றிராத இலங்கை வீரர்க்கு அவை நல்லதொரு பயிற்சிக்களமாயின. அலை தகர்த்த வழிக்கு மாற்றாக, இரு கரையினரை இணைக்கும் வழியாய் ஒரு வீரரின் பெயர் நின்றது.

கோபாலன் 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் தமது 94ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவரிடம் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. தாலந்துகளின் உவமையில் ஆண்டவர் கணக்குக் கேட்பது, ஊழியன் பெற்ற தொகையைக் கருதியன்று. அதனை அவன் புதைத்தானா, வழங்கினானா என்பதைக் கருதியே. எப்பாடத்தை எடுப்பது, எத்தொழிலிற் புகுவது என்று தயங்கி நிற்கும் நண்பர்களே, தெரிந்துகொண்டதன்கண் உண்மையாயிருத்தல் நம் கையில் உள்ளது. கோபாலன் தம் தாலந்தைப் புதைத்தவரல்லர்.